நூலக மென்பொருளைத் திருத்த வாசகரிடம் எந்த வழியில் கேட்பது?

கொங்கு நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் ஊர் நூலகங்கள் சிலவற்றிலும் புத்தகப் பதிவேடு கணினிக்கு ஏறிவிட்டது. நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதத் தொடங்கி 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருளான கோஹா, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோல், தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா ஆகியவற்றில் ஒன்றையோ, ஏதேனும் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளையோ நூலகம் தேர்ந்தெடுக்கிறது. ஓபாக் எனப்படும் தேடுபக்கம் இணையத்தில் திறக்கப்படுகிறது. வீட்டிலிருந்தே தேடலாம், புதுப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுகிறார்கள். அதன் பின்பும் வாசகர் நேரே கவுண்டருக்கு வந்து, "இந்தப் புத்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார் என்றால், அந்தத் தேடுபக்கத்தில் எங்கோ ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையைக் கண்டுபிடிக்க எந்த வழியில் கருத்துத் திரட்டுவது, ஒரே ஒரு நூலகர் மட்டும் உள்ள இடத்தில் அவருடைய நேரத்தை எந்த வழிக்குக் கொடுப்பது என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கருத்துத் திரட்டுவதற்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டுவதற்கான கோப்பு ஒரு நோக்கம். நூலகம் ஒருங்கிணைந்த மேலாண்மை மென்பொருளால் இயங்குகிறதா என்பது அந்த மதிப்பீட்டில் ஓர் அளவுகோலாக இருப்பதால், கல்லூரிகள் அதையொட்டி மாணவர்களிடம் படிவங்களும் வாங்கி வைக்கின்றன. மென்பொருளில் உண்மையிலேயே எதையாவது திருத்துவது இரண்டாவது நோக்கம். முதல் நோக்கத்துக்கு வாங்கிய படிவத்தை இரண்டாவதற்குப் பயன்படுத்த முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அந்தப் படிவத்தில் "மிக நன்று" என்ற கட்டத்தில் குறியிட்டவர் எந்தப் புத்தகத்தை எப்படித் தேடி எங்கே தடுக்கி நின்றார் என்பது அதில் எங்கும் இராது. இந்தக் கட்டுரை இரண்டாவது நோக்கத்தை மட்டுமே கருத்தில் கொள்கிறது.

வழிகளை ஒப்பிடுமுன், நம்மால் எதை மாற்ற முடியும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நூற்பட்டியலில் உள்ள எழுத்துப் பிழை, தவறான பொருள் தலைப்பு, எத்தனை நாளுக்கு இரவல், எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்ற விதிகள், வாசகருக்குப் போகும் குறுஞ்செய்தியின் வாசகம் ஆகியவை நூலகரின் கைக்குள் இருப்பவை. பக்கத்தின் அமைப்பு, பார்கோடு அட்டையின் வடிவம், புதிய அறிக்கைகள் போன்றவை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் செய்து தரக்கூடியவை. தேடுபொறி இயங்கும் முறை மென்பொருளை எழுதுவோரிடம் போக வேண்டியது. குறைகளில் பெரும்பகுதி முதல் வகையில்தான் அடங்குகிறது என்பது என் துணிபு. ஆகவே அந்த வகைக் குறைகளை விரைவாகக் காட்டித் தரும் வழிக்கே முதலிடம் தருகிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கருத்துக்கணிப்புப் படிவம். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து, கியூஆர் குறியீட்டை அச்சடித்துக் கவுண்டரில் ஒட்டிவிட்டால் செலவு ஏதும் இல்லை. நூறு பேருடைய விடை ஒரே அட்டவணையில் வந்து சேரும் வசதியும் உண்டு. ஆனால் இதன் குறைகளை நம் வட்டாரத்தில் கூடுதலாகவே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்பது இங்கே பேச்சில் ஊறிய பண்பு. நூலகர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் நீட்டிய படிவத்தில் குறை எழுதுவதற்கு வாசகருக்குக் கை வருவதில்லை. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லி ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டு, அடுத்த முறையும் தேடுபக்கத்தைத் தொடாமல் கவுண்டரிலேயே வந்து கேட்பார். மேலும், படிவத்தை நிரப்புவோர் நாள்தோறும் வருகிறவர்கள். தேடிக் கிடைக்காமல் வருவதையே நிறுத்திவிட்டவர் அந்தக் கியூஆர் குறியீட்டைப் பார்க்கவே போவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நூலகம் மூடும் நேரத்துக்கு ஓடி வருகிற ஒருவருக்குப் படிவம் நிரப்பப் பொழுதும் இராது.

படிவத்தை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கேட்கும் கேள்வியை மாற்றினால் அதன் பயன் பலமடங்கு கூடும். "தேடல் வசதி உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா?" என்ற கேள்விக்கு மரியாதையான விடை ஒன்றே வரும். "கடைசியாக நீங்கள் தேடிய புத்தகம் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால், பெட்டியில் என்ன அடித்துத் தேடினீர்கள்?" என்று கேட்டால் வாசகர் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். அந்த ஒரு விடையைக் கொண்டு நூலகர் அன்றைக்கே பட்டியலைத் திறந்து சரிபார்த்துவிடலாம்.

அளவீட்டுக்கென்றே ஆராய்ந்து அமைத்த வினாத்தொகுப்புகளும் இருக்கின்றன. ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய சஸ் (SUS) என்னும் அளவுகோலில் 10 கூற்றுகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். பொதுவாக 68-ஐச் சராசரியாகக் கொள்வார்கள். நூலகச் சேவையின் தரத்தை அளக்கும், அமெரிக்க ஆய்வு நூலகச் சங்கத்தின் லிப்குவால் 22 அடிப்படைக் கேள்விகளைக் கொண்டு, குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று மூன்று நிலைகளில் கேட்கிறது. ஒரு பல்கலைக்கழகம் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுகையில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அளவுகோலால் அளந்து ஒப்பிட இவை தக்கவை. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கிளை நூலகம் 57 மதிப்பெண் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலை எதைத் திருத்துவது என்பதை அந்த எண் சொல்லாது. சஸ் கூற்றுகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக வருவதால், தமிழாக்கிக் கொடுக்கும்போது வாசகர் அவசரத்தில் தலைகீழாகக் குறியிட்டுவிடுவதற்கும் இடமுண்டு.

அடுத்தது, தேடுபக்கத்திலேயே எந்நேரமும் திறந்திருக்கும் கருத்துப் பொத்தான். கோஹாவின் அண்மைப் பதிப்புகளில், ஒரு புத்தகத்தின் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் உள்ள பிழையைத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது; அமைப்புகளில் அதை இயக்கிவிட வேண்டும். எந்தப் பதிவைப் பற்றிய குறை என்பது தானாகவே ஒட்டிக்கொண்டு வருவதால் நூலகர் தேடி அலைய வேண்டியதில்லை. அதனினும் மதிப்புள்ள ஒன்று பலருடைய கண்ணில் படாமல் இருக்கிறது. நூல் வாங்கப் பரிந்துரைக்கும் படிவம் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதில் வரும் பரிந்துரைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டால், அவற்றுள் சில ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் புத்தகங்களாக இருக்கும். "ஏற்கெனவே உள்ளது" என்று பதில் அனுப்பி முடித்துவிடுவதே வழக்கம். இருக்கிற புத்தகத்தை வாங்கச் சொல்லி ஒருவர் படிவம் நிரப்பியிருக்கிறார் என்றால், அவர் தேடியிருக்கிறார், தேடல் அவரைக் கைவிட்டிருக்கிறது என்றே பொருள். அத்தகைய பரிந்துரைகளைத் தனியே எடுத்து வைத்து, அவர் என்ன அடித்துத் தேடியிருப்பார் என்று பார்த்தால், எந்தப் படிவமும் தராத சான்று கிடைக்கும்.

இதையே இன்னும் விரிவாகத் தருவது தேடல் பதிவு. என் கணிப்பில் செலவும் உழைப்பும் குறைந்து பயன் மிகுந்த வழி இதுதான். கோஹாவில் தேடல் வரலாற்றை இயக்கி வைத்தால், உள்நுழைந்து தேடுவோரின் தேடுசொல்லும், அதற்கு எத்தனை முடிவுகள் வந்தன என்பதும் சேர்ந்தே தரவுத்தளத்தில் பதிவாகின்றன. முடிவு 0 என்று வந்த தேடல்களை மட்டும் மாதம் ஒருமுறை பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும். மஞ்சள் சாகுபடி என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தவர், பட்டியலில் "பயிரிடுதல்" என்று இருப்பதை "வெள்ளாமை" என்று தேடியவர், குரூப் 4 தேர்வு நூலை எண்ணால் எழுதாமல் "குரூப் ஃபோர்" என்று அடித்தவர் எல்லோரும் அங்கே வரிசையாக இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் கவுண்டருக்கு வந்து குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நொய்யலில் சென்று கலக்கும் கௌசிகா நதியைப் பற்றிய நூலை ஒரு மாணவி தேடுகிறார் என்று கொள்வோம். "கௌ" என்பதைக் ககரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து அடிப்பதே முறை. ஆனால் ஒற்றைக் கொம்பு, க, அதன்பின் தனி ளகரம் என்று "கெள" ஆக அடித்தாலும் திரையில் ஏறத்தாழ அதே வடிவம்தான் தெரியும். நூற்பட்டியலில் பதிந்தவர் ஒரு விதமாகவும் தேடுபவர் மற்றொரு விதமாகவும் அடித்திருந்தால், கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள், முடிவு 0. ஸ்ரீ என்னும் எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அந்த எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோடில்) இரு வேறு குறித்தொடர்களால் எழுத முடியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்பதற்கு முன்பு வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் பதிந்து, பிற்காலத்தில் மாற்றியமைத்த பட்டியல்களில் இவ்வகைப் பிழைகள் கூட்டமாக இருக்க வாய்ப்புண்டு. இதை எந்த வாசகராலும் வாயால் சொல்ல முடியாது. "புத்தகம் இல்லையாம்" என்றுதான் அவர் தோழியிடம் சொல்வார். தேடல் பதிவில் அந்த 0-ஐப் பார்த்த நூலகரால் மட்டுமே, பதிவைத் திருத்தவோ மாற்று வடிவத்தைக் கூடுதல் தலைப்பாகச் சேர்க்கவோ முடியும்.

தேடல் பதிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. என்ன நடந்தது என்பதை அது காட்டும்; ஏன் நடந்தது என்பதைக் காட்டாது. முடிவு 40 வந்தும் வேண்டியது கிடைக்காமல் மூடிவிட்டுப் போனவரை அது வெற்றிக் கணக்கிலேயே சேர்த்துவிடும். இரண்டாவது எல்லை அறம் சார்ந்தது. ஒருவர் எந்த நோயைப் பற்றி, எந்தச் சட்டச் சிக்கலைப் பற்றிப் படிக்க விரும்பினார் என்பது அவருடைய சொந்த விஷயம். தேடுசொற்களை எடுக்கும்போது உறுப்பினர் எண்ணை நீக்கிவிட்டே எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய பதிவுகளை அழித்துவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு பெறப்படுகிறது என்று தெரிவித்து இசைவு பெறுவதை வற்புறுத்துகிறது. 18 வயதுக்குட்பட்டோரைப் பொறுத்தவரை பெற்றோரின் இசைவையும் கேட்கிறது. பள்ளி மாணவர்கள் திரளாக வரும் நூலகங்கள் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டுமென்றால், வாசகர் அருகில் உட்கார்ந்து அவர் தேடுவதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கீட்டின் அடிப்படையில், ஒரே வகைப் பயனாளர் 5 பேரைக் கவனித்தாலே இடைமுகத்தின் சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் பின்னர் எடுத்துரைத்தார். அந்தக் கணக்கு, ஒரு சிக்கல் ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு 31 விழுக்காடு என்ற சராசரியைச் சார்ந்தது. எல்லாப் பணிகளுக்கும் அது பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. நூலகத்துக்கு வருவோரும் ஒரே வகையினர் அல்லர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குழந்தையைக் கூட்டிவரும் தாய், தென்னைக்கு வந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த பொள்ளாச்சி விவசாயி என ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் தடுமாறுவார்கள். ஆயினும் மாதத்துக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால்கூட ஓராண்டில் கிடைக்கும் பாடம் பெரிது.

இதைச் செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பொத்தானின் பெயரைச் சொல்லிப் பணி கொடுக்கக் கூடாது. "சொட்டுநீர்ப் பாசனம் பற்றி ஒரு புத்தகம் வேணும், அலமாரியில போய் எடுக்கற வரைக்கும் நீங்களே செஞ்சு காட்டுங்க" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். வாசகர் திரும்பி, "இதையா அமுத்தறதுங்க?" என்று கேட்பார். உடனே நூலகரின் கை மவுசை நோக்கிப் போகும். அதை அடக்கிக்கொள்வது கடினம், ஆனால் அடக்கியே ஆக வேண்டும். இப்படிக் கவனித்த ஒருமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமிழ் இலக்கிய நூலொன்றைப் பிழையில்லாமல் தேடிக் கண்டுபிடித்தார். திரையில் "கிடைக்கிறது" என்ற சொல்லும் 894.811 என்று தொடங்கும் வகைப்பாட்டு எண்ணும் தெரிந்தன. அவர் அந்த எண்ணை முழுவதும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவே சற்று நின்று பார்த்துவிட்டு, சீட்டைக் கவுண்டரில் கொண்டுவந்து நீட்டினார். தேடல் வென்றது, ஆனால் அந்த எண் எந்த ரேக்கில் இருக்கும் என்று திரை சொல்லவில்லை. ஒவ்வொரு நூற்படிக்கும் இருப்பிடம் என்ற புலம் மென்பொருளில் இருக்கிறது. அதில் "முதல் தளம், ரேக் 7" என்று நிரப்பினால் போதும். தேடல் பதிவில் இந்தத் தேடல் குறையற்ற வெற்றியாகவே பதிந்திருக்கும். படிவத்திலும் அந்த அம்மையார் "நன்று" என்றே எழுதியிருப்பார்.

வாசகர் வட்டக் கூட்டத்தில் கேட்பது நம் பொது நூலகங்களுக்கு இயல்பாக அமைந்த வழி. ஆனால் குறைகளைக் கண்டுபிடிக்க நான் அதை நம்புவதில்லை. பெரியவர்கள் பேசும்போது இளையவர்கள் குறுக்கே பேசுவதில்லை. பெண்கள் பலர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. நாற்காலி, மின்விசிறி, நாளிதழ் நேரத்துக்கு வராதது என்று பேச்சு போய்விடும். கண்டுபிடித்த குறைகளில் எதை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்க அந்தக் கூட்டம் பொருத்தமானது.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்யத் தயங்குபவர்கூடக் குரல்பதிவு அனுப்புவார் என்பது அதன் பெரும் நன்மை. திரையைப் படமெடுத்து அனுப்பினால் குறை என்னவென்று உடனே விளங்கிவிடும். குழுவாக அமைத்தால் ஒருவர் கைபேசி எண் மற்றவர் அனைவருக்கும் தெரிந்துவிடும். பெண் வாசகர்கள் இதற்காகவே விலகி நிற்பார்கள். நூலக எண்ணுக்குத் தனியே அனுப்பச் சொல்வதே நல்லது. வந்த செய்தி அன்றாட வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடுவதால், அன்றைக்கே ஒரு நோட்டில் ஏற்றிவிட வேண்டும்.

அந்த நோட்டுதான் நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்த வழி. கவுண்டரில் ஒரு நீளவாக்கு நோட்டு. தேதி, கேட்ட கேள்வி, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே. பெயர் வேண்டாம். "ரினியூ பண்ணினேன், ஆனா பைன் வந்திருக்குதுங்க" என்பது ஒரு வரி. அதே வரி ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தால், புதுப்பித்தல் வெற்றியா தோல்வியா என்று வாசகருக்குத் தெளிவாகச் சொல்லாத ஒரு செய்திப்பெட்டி மென்பொருளில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இதே நோட்டில் ஊழியர்களின் குறைகளுக்கும் தனிப்பக்கம் வேண்டும். நாள் முழுவதும் அந்தத் திரையோடு வாழ்பவர்கள் அவர்கள். புத்தகம் திருப்பி வாங்க எத்தனை முறை சொடுக்க வேண்டியிருக்கிறது, இணையம் நின்றால் என்ன செய்கிறார்கள் என்பதை எந்த வாசகர் கணிப்பும் தொடுவதில்லை. கோஹாவில் இணையமில்லாமல் இரவல் பதியும் வசதி இருக்கிறது. அது ஊழியர்களுக்குத் தெரியவில்லை என்பதே நோட்டில் முதல் குறையாக எழுதப்படலாம்.

ஆகவே, ஒரே நூலகர் உள்ள கிளை நூலகத்துக்கோ பகுதிநேர நூலகத்துக்கோ என் பரிந்துரை நோட்டும், மாதம் ஒருமுறை ஒருவரைக் கவனிப்பதும்தான், படிவம் தேவையில்லை. சர்வர் தன் கையில் உள்ள கல்லூரி நூலகம் முடிவு 0 தேடல்களிலிருந்து தொடங்கட்டும், அடுத்துப் பரிந்துரைப் படிவங்களை ஆராயட்டும், பருவத் தொடக்கத்தில் முதலாண்டு மாணவர்களைக் கவனிக்கட்டும். அப்போதுதான் அவர்களுக்குத் தேடுபக்கம் புதிது. பழகிய பிறகு குறைகளைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுவிடுவார்கள். கோஹாவிலேயே பல நூலகங்களை நடத்தித் தரும் கோவை, ஈரோடு தொழில்முனைவோருக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வினாக்களோடு அளவீடு நடத்துவது பொருளுடையது, ஏனெனில் நூலகத்துக்கு நூலகம் ஒப்பிட அவர்களுக்கே தேவை இருக்கிறது.

எந்த வழியில் வந்த குறையானாலும், திருத்தியதை வாசகர் பார்க்கும் இடத்தில் எழுதிப் போட வேண்டும்: "ரேக் எண் இப்போது தேடுபக்கத்தில் தெரியும்" என்று ஒரு வரி போதும். சொன்னால் நடக்கிறது என்று தெரிந்தபின், "நல்லாத்தானுங்க இருக்குது" என்றவரே அடுத்த குறையைத் தானாக வந்து சொல்வார். நூலகரின் கைக்கு அப்பாற்பட்ட குறைகளை மேலே அனுப்பும்போது, மென்பொருளின் பதிப்பு எண், என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்ற நான்கையும் திரையைப் பிடித்த படத்தோடு எழுத வேண்டும். கோஹாவுக்குப் பிழைகளைப் பதிவதற்கென்று எவரும் கணக்குத் தொடங்கக்கூடிய பொதுத் தளம் உண்டு. இடைமுகச் சொற்களின் மொழிபெயர்ப்புக்கு வேறொரு தளமும் உண்டு. தமிழில் விளங்காத பொத்தான் பெயர்களை நோட்டிலிருந்து எடுத்து அங்கே திருத்தி அனுப்பினால், அடுத்த பதிப்பில் அது எல்லாத் தமிழ் நூலகங்களுக்கும் போய்ச் சேரும்.